அப்பாவின் காருக்குக் கூரை கழற்றிய விவரம்

பியூட்லி,
வியாழன் மாலை.

அன்புள்ள ஹிலரி அக்காவுக்கு,

தம்பி ரோலண்ட் எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா என்னைவிடச் சுகம். அங்கே நீயும் அத்தானும் பூனையும் சுகமாக இருப்பீர்கள் என்றும், அபர்தீன் குளிர் இன்னும் எலும்புவரை இறங்கியிருக்காது என்றும் நம்புகிறேன். தினமும் தொலைபேசியில் நீ கேட்கிற 'இன்னுமா கழற்றுகிறீர்கள்' என்ற கேள்விக்கு நான் இதுவரை ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாத காரணம், தொலைபேசி அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. காது கேட்காதவர் போல அவர் உட்கார்ந்திருந்தாலும் கேட்க வேண்டியதெல்லாம் அவருக்குக் கேட்கிறது. ஆகவே எழுதுகிறேன். தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி. நடுவில் எழுந்து எனக்குத் தொலைபேசி செய்யாதே.

ஆகஸ்டில் அவர் பாலை அடுப்பில் வைத்துவிட்டு ரோஜாச் செடியை வெட்டப் போனதும், சமையலறைத் திரை எரிந்ததும், எதிர்வீட்டுக்காரர் வேலி தாண்டி வந்து அணைத்ததும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நாம் இருவரும் பேசி லார்ச் முதியோர் இல்லத்தில் ஆற்றைப் பார்த்த அறை ஒன்றைச் சொல்லி வைத்ததும், இந்த மாதக் கடைசிவரை அதை வேறு யாருக்கும் தருவதில்லை என்று இல்லத்துத் தலைவி மிஸஸ் ஆப்பிள்யார்ட் வாக்குக் கொடுத்ததும் தெரியும். ஆனால் நான் அட்டைப்பெட்டிகளோடு இங்கே வந்து இறங்கிய அன்று அப்பா சொன்னதை நீ கேட்கவில்லை. அவர் கத்தவில்லை, அழவும் இல்லை. முட்டையின் தலையைக் கரண்டியால் தட்டிக்கொண்டே சொன்னார்:

"வர்றேன். மாட்டேன்னு சொன்னேனா? ஆனா டாக்சியில ஏறமாட்டேன். ஆம்புலன்ஸ்ல ஏறமாட்டேன். என் கார்ல, கூரையைத் திறந்து போட்டுக்கிட்டு, தொப்பி வச்சுக்கிட்டு வருவேன். யாரும் என்னைப் பார்சல் மாதிரி கொண்டுபோய் இறக்க வேண்டாம்."

நியாயமான பேச்சு என்றுதான் எனக்குப் பட்டது. குழந்தை வண்டியின் கூரையைப் பின்னால் தள்ளுவது போல அந்தப் பச்சைக் காரின் கூரையையும் தள்ளிவிட்டால் போதும், மதியச் சாப்பாட்டுக்கு லார்ச் இல்லத்தில் இருக்கலாம் என்று நினைத்தேன். அம்மா போனதற்குப் பிறகு அந்தக் கூரை ஒருமுறைகூட மடங்கவில்லை என்பதை நான் யோசிக்கவில்லை. துணி சுருங்கி விறைத்துக் காய்ந்த தோல் போல ஆகியிருந்தது. உள்ளே இருக்கிற இரும்புச் சட்டத்தின் மூட்டுகளில் எல்லாம் துரு. நான் காரேஜில் நின்று மூச்சைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். 'சர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து அப்பா கேட்டார்:

"அது துணியா, உன் முதுகா?"

"துணி அப்பா."

"அப்ப நிறுத்து. முதுகுன்னா பரவாயில்லை."

பிறகு கைத்தடியோடு வந்து பார்த்துவிட்டு, "இது மடங்காது. கழட்டணும். கழட்டுறதுக்கு ஒரு முறை இருக்கு. அவசரப்பட்டா எல்லாம் பாழாப் போகும்" என்றார். முறை என்ற சொல்லுக்கு நான் மயங்குவேன் என்பது அவருக்குத் தெரியும். ஆயுள் முழுக்க நூலகத்தில் புத்தகத்தை அதனதன் இடத்தில் வைத்துச் சம்பளம் வாங்கியவன் நான். அவரோ இந்த ஊர்க்காரர் அத்தனை பேரின் கண்ணையும் சோதித்தவர். பேருந்தின் எண்ணைப் படிக்கிற யாராயிருந்தாலும் அப்பா கொடுத்த கண்ணாடி வழியாகத்தான் படிக்கிறார்கள். அவர் ஒரு திருகாணியைக் காட்டி 'இதுதான் முதல்' என்றால் நான் ஏன் சந்தேகப்படப்போகிறேன்.

முறை இதுதான், அக்கா. கூரையைக் கழற்ற வேண்டுமானால் சட்டத்தைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். அந்தப் போல்ட்டுகள் பக்கவாட்டில் ரெக்சின் ஒட்டிய பலகைக்குப் பின்னால் இருக்கின்றன, ஆகவே பலகையைக் கழற்ற வேண்டும். பலகையை அழுத்திக்கொண்டு ஒரு வெள்ளிப் பட்டை ஓடுகிறது, பட்டையின் நுனி கதவுப் பக்கம் போகிறது, ஆகவே கதவின் உள்பலகையைக் கழற்ற வேண்டும். அதற்குக் கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடியைக் கழற்ற வேண்டும். கைப்பிடியைக் கழற்றும்போது ஒரு வாஷர் சீட்டுக்கு அடியில் உருண்டு போயிற்று, ஆகவே சீட்டைக் கழற்ற வேண்டும். சீட்டைத் தூக்கினால் கம்பளம் கூடவே வந்தது, அது நல்லதுதான், எப்படியும் அதையும் எடுக்கத்தான் வேண்டும் என்றார் அப்பா. இரண்டாவது கதவை ஏன் கழற்ற வேண்டும் என்று கேட்டேன். "ஒரு காதுல மட்டும் தோட்டைக் கழட்டிட்டு நிக்கிற பொம்பளையைப் பார்த்திருக்கியா?" என்றார். தலைக்கு மேலே இருக்கிற துணியைக் கழற்றப் போனவன் ஒரு வாரத்தில் காரின் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். துணி மட்டும் அப்படியே இருந்தது.

கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, காயவைத்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு மூட வேண்டும். அப்பா கண்ணாடிக் கடையை மூடியபோது மிச்சமான கூடுகள் பரண் நிறையக் கிடப்பது உனக்கு நினைவிருக்கும். இப்போது அவை கணப்பின் மேலும் மாடிப்படியிலும் ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்திலும் வரிசையாக இருக்கின்றன. என் சொந்தக் கண்ணாடியை ஒருநாள் மதியத் தூக்கத்துக்குமுன் அவற்றில் ஒன்றில் வைத்துவிட்டேன். அன்று முழுக்க வீட்டில் தடவிக்கொண்டு திரிந்து, கடைசியில் கதவு வாஷர்களோடு மண்ணெண்ணெய் நாற்றத்தில் அதைக் கண்டெடுத்தேன். "கண்ணாடிக் கூட்டுக்குள்ள யாராவது கண்ணாடியை வைப்பாங்களா?" என்று அப்பா வருத்தப்பட்டார்.

இதற்கிடையே மிஸஸ் ஆப்பிள்யார்ட் கூப்பிடுவார், நீ கூப்பிடுவாய். அப்பா போனை எடுத்து, "பையன் வேலை பார்த்துக்கிட்டிருக்கான், கொஞ்சம் மந்தம், ஆனா சுத்தமாச் செய்வான்" என்று சொல்லி வைத்துவிடுவார். நான் காருக்கு அடியிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அறுபத்தொன்று ஆகிறது.

கிரிம்வேட் போதகர் வந்த அன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன், வேறு வாயால் உனக்குத் தெரியவந்தால் நன்றாக இருக்காது. சட்டத்தின் மூட்டுகள் இளகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும், உள்ளே உட்கார்ந்து இரண்டு கையாலும் மேலே தள்ளு என்றார் அப்பா. சீட்டு இல்லாததால் வெறும் தகரத்தில் உட்கார்ந்து தள்ளினேன். இத்தனை நாள் அசையாத சட்டம் அன்றைக்கு அசைந்தது, ஆனால் மேலே போகவில்லை. குடையை மடக்கினால் கம்பிகள் எப்படித் தண்டோடு சேருமோ அப்படி என்னைத் தண்டாக வைத்துச் சேர்ந்துகொண்டது. ஒரு கம்பி கழுத்துக்குப் பின்னால், ஒன்று மார்பில், என் இரண்டு கைகளும் வெளியே. தலைமேல் துணி தொங்கியது.

"அசையாதே, எண்ணெய் கொண்டுவர்றேன்" என்று அப்பா போனார். போகிற வழியில் வாசல் மணி அடித்தது. பிறகு கெட்டில் கூவுகிற சத்தம் கேட்டது. பிறகு பிஸ்கட் டப்பா திறக்கிற சத்தம். ரொம்ப நேரம் கழித்து இரண்டு பேரும் கோப்பையும் சாஸருமாகக் காரேஜுக்கு வந்தார்கள். போதகர் குனிந்து துணிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ரோலண்ட், ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கீங்களோன்னு நெனச்சேன்."

"இல்லைங்க ஐயா. மாட்டிக்கிட்டேன்."

"இவன் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்," என்றார் அப்பா. "எதுல கை வச்சாலும் முழுசா உள்ள போயிடுவான்."

"நீங்க எப்போ கிளம்புறீங்க எர்னஸ்ட்? சபையில எல்லாரும் கேக்குறாங்க."

"கூரை கழண்டதும்."

"எப்போ கழலும்?"

அப்பா கோப்பையால் என்னைச் சுட்டினார். "அதை அவன்கிட்ட கேளுங்க."

போதகர் நல்ல மனிதர். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவரே எண்ணெய் விட்டு ஒவ்வொரு மூட்டாக அசைத்து என்னை வெளியே எடுத்தார். அப்பா அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். எனக்கு இல்லை, பால் தீர்ந்துவிட்டதாம்.

இனி எழுதப்போவதுதான் முக்கியம். ஞாயிறன்று ரொட்டி வாங்கப் போனேன். ஆற்றங்கரையில், படகுத்துறைக்கு எதிரே, நம் காரைப் போலவே ஒரு கார். அதே ஆண்டு, அதே வடிவம், நிறம் மட்டும் சிவப்பு. நம் வயதுதான் இருக்கும், ஒரு அம்மாள் ஒரு கையில் சாண்ட்விச் வைத்துக்கொண்டு மறு கையால் அதன் கூரையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முன் கண்ணாடிக்கு மேலே இருக்கிற கொக்கிகளை விடுவித்தாள், ஓரத்து டிச் பட்டன்களை டப் டப்பென்று பிரித்தாள், பின்னால் இருக்கிற பட்டையை உருவினாள், சாண்ட்விச்சை வாயில் கவ்விக்கொண்டு ஸ்பேனரால் பக்கத்துக்குச் சில போல்ட்டுகளைத் திருகினாள். கூரை சட்டத்தோடு எழுந்து வந்துவிட்டது. நான் ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். பார்த்துவிட்டு அவளே பேசினாள்.

"என்ன, உங்ககிட்டயும் இந்தக் கார் இருக்கா?"

"எங்கப்பாகிட்ட இருக்கு. இது எவ்வளவு நேரத்து வேலைங்க?"

"பத்து நிமிஷம். சாண்ட்விச் இல்லேன்னா இன்னும் சீக்கிரம்."

"கதவைக் கழட்ட வேண்டாமா?"

"கதவை எதுக்கு? அது பாவம், அதுபாட்டுக்கு இருக்கு."

"சீட்டு?"

"சீட்டைக் கழட்டினா எதுல உக்காந்து ஓட்டுவீங்க?" என்றவள் என் விரல் முட்டிகளில் இருந்த பிளாஸ்திரிகளைப் பார்த்தாள். "யார் சொன்னா உங்களுக்கு இதையெல்லாம்?"

"எங்கப்பாதான்."

"அவருக்கு இந்த வண்டியைப் பத்தித் தெரியாதோ?"

"புதுசா வாங்கினதுலேர்ந்து அவர்தான் பார்த்துக்கிறார்."

அவள் வாயில் இருந்ததை நன்றாக மென்று விழுங்கினாள். "அப்ப அவருக்கு அவசரம் இல்லை போல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா, எனக்கு வந்த கோபத்தை எழுதத் தெரியவில்லை. ஆற்றோரம் நடந்துகொண்டே இருந்தேன், ரொட்டியை வாத்துகளுக்குப் போட்டுத் தீர்த்தேன். என் முதுகு, என் விரல்கள், போதகர் முன்னால் நான் உட்கார்ந்திருந்த கோலம், உன்னிடம் நான் வாங்கிய பேச்சு எல்லாம் எதற்காக என்று இருந்தது. நேரே வந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் முடிவெட்டக் கடைத்தெருவுக்குப் போனார். நான் காரேஜ் கதவைத் திறந்தேன். கொக்கி, டிச் பட்டன், பட்டை, போல்ட், அவ்வளவுதான். போதகர் விட்ட எண்ணெயில் எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தன. கூரையைத் தூக்கிப் புல்லில் போட்டேன். பெரிய மிருகம் ஒன்றின் தோலை உரித்துப் போட்டது போல அது கிடந்தது. அவர் வந்தால் என்னென்ன சொல்வது என்று வரிசையாக நினைத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அப்பா வந்தார். கழுத்தில் ஒட்டிய முடியைக் கைக்குட்டையால் தட்டிக்கொண்டே வந்தவர் வாசல் கதவிலேயே நின்றுவிட்டார். பிறகு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். புல்லில் குனிந்து துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாச் செஞ்சிருக்கே. எங்கேயும் கிழியலை" என்றார்.

நான் ஸ்பேனரைச் சட்டையில் துடைத்தேன்.

"எவ்வளவு நேரமாச்சு?"

"கொஞ்ச நேரம்தான் அப்பா."

"ம்" என்றார். உள்ளே போனார். மாடியில் இழுப்பறைகள் திறக்கிற சத்தம் கேட்டது. மாலையில் பார்த்தால் படியடியில் அவருடைய சின்னத் தோல்பெட்டி இருந்தது. இரண்டு சட்டை, சவரக் கத்தி, அம்மாவின் படம். நான் கொண்டுவந்த அட்டைப்பெட்டிகள் மடித்தது மடித்தபடி இருக்கின்றன. மற்றதெல்லாம் எப்போது கட்டுவது என்று கேட்டதற்கு, "அங்கே அதெல்லாம் தேவைப்படாது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டவில்லை, அக்கா. நேற்று நான் செய்த உருளைக்கிழங்கு மசியலில் உப்புப் போட மறந்துவிட்டேன், அதையும் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருந்தது என்றார். இன்று காலை அவர் கோப்பையை நான் கை தவறி உடைத்தேன், பரவாயில்லை என்றார். ஆகவே எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நீ கவலைப்படாதே. சீட்டையும் கம்பளத்தையும் திரும்பப் பூட்டிவிட்டேன், கதவுப் பலகைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாளைக் காலை கிளம்புகிறோம். வானம் தெளிவாக இருக்கும் என்று வானொலியில் சொன்னார்கள். அவர் அங்கே ஒரு வாரம் பழகிய பிறகு உறவினர் வந்தால் போதும் என்று மிஸஸ் ஆப்பிள்யார்ட் சொல்வதால் நீயும் அத்தானும் அடுத்த வெள்ளி நேரே லார்ச் இல்லத்துக்கு வாருங்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு நான் லெஸ்டருக்கு, என் வீட்டுக்குக் கிளம்புவேன். நாம் செய்தது சரிதான். நீ இதைப் பலமுறை சொல்லியிருக்கிறாய், நானும் சொல்லியிருக்கிறேன், இப்போது எழுதியும் விட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பூனையை என் பெயரைச் சொல்லித் தடவிக்கொடு. உங்கள் கூரை ஒழுகாமலும் உங்கள் அடுப்பு அணையாமலும் இறைவன் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அன்புத் தம்பி,
ரோலண்ட்

பின்குறிப்பு: வெள்ளி மதியம். கடிதம் நனைந்து மை பரவியிருப்பதற்கு மன்னிக்கவும். வழியில் தபாலில் போடலாம் என்று சட்டைப்பையில் வைத்திருந்தேன். பாலத்தைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. குடையை விரிக்கட்டுமா என்று கேட்டேன். "கார்ல குடை பிடிச்சுக்கிட்டுப் போறவனை எங்கேயாவது பார்த்திருக்கியா?" என்றார். தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்ட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு பெண் கையை உயர்த்தினாள், அப்பா தொப்பியை எடுத்து அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார். லார்ச் இல்லத்து வாசலில் மிஸஸ் ஆப்பிள்யார்டும் ஒரு தாதியும் குடையோடு நின்றிருந்தார்கள். நான் வண்டியை நிறுத்தினேன். அப்பா பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "இறங்கட்டுமா?" என்று கேட்டார். என் பிறவியில் அவர் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை.

நான் மிஸஸ் ஆப்பிள்யார்டிடம், "மன்னிக்கணும் மேடம், சீட்டெல்லாம் நனைஞ்சுபோச்சு, கம்பளமும் ஊறிடுச்சு, உடனே கழட்டிக் காயவைக்கலேன்னா அழுகிடும்" என்றேன்.

"அதுக்கும் அறைக்கும் என்ன சம்பந்தம், மிஸ்டர் ட்ராண்டர்?"

"எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு மேடம்" என்றேன். வண்டியைத் திருப்பினேன். அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். நீ கோபப்படுவாய், படு. பாலத்தருகே வந்ததும் அப்பா பெட்டியை மடியிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்தார்.

"எவ்வளவு நாளாகும்ங்கிறே?" என்றார் அப்புறம்.

"காயவச்சு, பூட்டி, கூரையைத் திரும்ப ஏத்தி எல்லாம் சரியாச் செய்யணும்னா வசந்தம் வரைக்கும் ஆகும்பா."

"நீ செய்யறதா இருந்தா கோடைக்காலம் வரைக்கும் ஆகும். கியரைப் பார்த்துப் போடு, கழுதை."

என் துணிமணிகளை உன் பழைய அறையில் வைத்துவிட்டேன். பால் காய்ச்சுவது இனி என் பொறுப்பு. அடுத்த வெள்ளி நீ லார்ச் இல்லத்துக்குப் போகாதே, வீட்டுக்கு வா. உன் கை சின்னது, பலகைக்குப் பின்னால் போகும் என்று அப்பா சொல்கிறார். அத்தானை மட்டும் கூட்டிக்கொண்டு வர வேண்டாமாம். அவர் பொறியாளர், சீக்கிரம் முடித்துவிடுவாராம்.